குழித்துறை ஆற்றங்கரை, திற்பரப்பு முதல் தேங்காய்ப்பட்டணம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் முனையில் சூரியனைப் பார்த்து, விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய், சுசீந்திரத்தில் கும்பிட்டு, ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் மேற்கே மார்த்தாண்டம் பக்கம் வாருங்கள். அருவி, தொட்டிப்பாலம், பெருமாள் கோவில், சமணர் குகை, முன்னோருக்குப் பலி கொடுக்கும் கடவு (ஆற்றுத்துறை), கடைசியில் ஆறு கடலில் சேரும் பொழிமுகம் என எல்லாமே இங்கே ஒரே ஆற்றின் கரையில் இருக்கின்றன. இவற்றை விளம்பரப் பலகைகள் தனித்தனி சுற்றுலா இடங்களாகத்தான் காட்டுகின்றன. ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனால்தான் ஒன்றுக்கொன்று உள்ள உறவு புரியும். இங்கே வர விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, இந்தக் கரையில் வாழ்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

நீங்கள் சொல்வது எந்த ஆறு?

குழித்துறை ஆறு. கோதையாறு, பரளியாறு என்ற இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து தனித்தனியாக இறங்கி வந்து, திருவட்டாருக்குப் பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் சேர்கின்றன. சேர்ந்த ஆறு சிதறால், திக்குறிச்சி, குழித்துறை வழியாக ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் விழுகிறது. கோதையாற்றுக்குக் குறுக்கே பேச்சிப்பாறை அணை, பரளியாற்றுக்குக் குறுக்கே பெருஞ்சாணி அணை. கீழே நாம் பார்க்கிற தண்ணீரில் பெரும்பகுதி இந்த இரண்டு அணைகளின் தயவுதான்.

தாமிரபரணி என்கிறார்களே, அது திருநெல்வேலியில் அல்லவா ஓடுகிறது?

பெயர் ஒன்று, ஆறு வேறு. நெல்லைத் தாமிரபரணி கிழக்கே ஓடி, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. எங்கள் ஆறு மேற்கே ஓடுகிறது. குழப்பம் வராமல் இருக்க இதைக் குழித்துறைத் தாமிரபரணி என்று எழுதுவார்கள். ஊருக்குள் யாரும் அவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை. "ஆத்துக்குப் போறேன்" என்றாலே போதும்.

எங்கிருந்து தொடங்குவது நல்லது?

மேலிருந்து கீழே வாருங்கள். காலையில் மலைப்பக்கம், மாலையில் கடல். பொழுதும் ஆற்றோடு சேர்ந்து மேற்கே போகும், கடைசியில் தேங்காய்ப்பட்டணத்தில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். கீழிருந்து மேலே போனால் உச்சி வெயிலில் சிதறால் மலை ஏற வேண்டிவரும்.

நேரம் இருக்கிறவர்கள் பேச்சிப்பாறையிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் கட்டி 1906-ல் முடித்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் கல்லறையும் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோவாளை வரைக்கும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன மனிதர், அவர் கட்டிய அணைக்கட்டின் அருகிலேயே கிடக்கிறார். அங்கே போகிறவர்கள் இரண்டு நிமிடம் அந்தக் கல்லறைக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

திற்பரப்பு அருவியில் குளிப்பதைத் தவிர என்ன பார்க்கலாம்?

நிறைய. அருவி சுமார் 50 அடி உயரம், அதைப் பார்க்காமல் யாரும் வரப்போவதில்லை. ஆனால் அருவிக்கு மேலே ஆறு வருகிற இடத்தைக் கவனியுங்கள். ஆற்றுப்படுகை முழுவதும் ஒரே பாறை, மேல்பக்கமாகக் கால் கிலோமீட்டர் தூரத்துக்கு அப்படியே விரிந்து கிடக்கிறது. தண்ணீர் குறைந்த நாட்களில் அந்தப் பாறையில் குழிகுழியாகத் தேங்கி நிற்கும். அதற்கும் மேலே தடுப்பணை. அங்கே படகு விடுகிறார்கள். ஆறு அங்கே அசையாமல் நிற்கும், இரண்டு கரையிலும் தென்னையும் ரப்பரும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அருவியைவிட இந்தப் படகுத்துறைதான் நிம்மதி.

அருவிக்கு ஒட்டியே மகாதேவர் கோவில். சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் ஓடியே கும்பிடும் சிவாலய ஓட்டத்தின் 12 கோவில்களில் மூன்றாவது. அருவிக்கும் கோவிலுக்கும் நடுவே கரையில் கோட்டைபோலக் கற்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஜீப்பில் ஏறுகிற அவசரத்தில் பலர் இந்தச் சுவரைப் பார்ப்பதே இல்லை.

நாங்கள் போன அன்று அருவியில் குளிக்க விடவில்லை. ஏன்?

பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்திருப்பார்கள். அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டம் நாற்பத்திரண்டைத் தாண்டி ஏறத் தொடங்கினாலே கவனமாக இருப்பார்கள், தேவைப்பட்டால் உபரி நீர் போகும் மறுகாலைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் நேராகக் கோதையாற்றில் இறங்கித் திற்பரப்புக்குத்தான் வரும். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலையில் மழை கொட்டும், அருவி செம்மண் நிறத்தில் இரைந்து விழும். சிறுவர் நீச்சல் குளம்கூட மூழ்கிப் போகிற நாட்கள் உண்டு. கிளம்பும் முன் உள்ளூர்ச் செய்தியில் அணை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். குமரி மாவட்டத்துப் பத்திரிகைகளில் மழைக்காலம் முழுவதும் பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி என்று தினமும் போடுவார்கள்.

குளிக்கத் தடை என்றால் தடைதான். காவலரிடம் "தூரத்திலிருந்து வந்திருக்கோம்" என்று கெஞ்சுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். அன்றைக்குப் பார்க்க மட்டும் செய்யுங்கள். வெள்ளத்தில் நிற்கிற திற்பரப்பும் பார்க்க வேண்டிய காட்சிதான்.

மாத்தூர் தொட்டிப்பாலம் ஆற்றுக்கான பாலமா, வாகனத்துக்கான பாலமா?

இரண்டும் இல்லை, அது தண்ணீருக்கான பாலம். பரளியாறு கீழே ஓடுகிறது. அதற்கு மேலே, நூறடிக்கும் அதிக உயரத்தில், ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குப் பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீரைக் கான்கிரீட் தொட்டியில் கொண்டுபோகிறார்கள். 28 தூண்கள். காமராஜர் காலத்தில் திட்டமிட்டு, 1966-ல் கட்டி முடித்தது. விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களின் வறண்ட மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கிடைக்க இப்படி ஒரு வழி கண்டார்கள்.

தொட்டியின் ஓரத்தில் ஆள் நடக்க இடம் இருக்கிறது. நடுவில் போய் நின்று ஒருமுறை கீழே பாருங்கள். பாறைகளுக்கு நடுவே ஆறு, கரையில் தென்னந்தலைகள், தலைக்கு மேலே இருக்க வேண்டிய மரமெல்லாம் காலுக்குக் கீழே. இந்தப் பக்கம் கையை நீட்டினால் தொட்டியில் வாய்க்கால் தண்ணீர் சத்தமே இல்லாமல் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். மேலே ஓர் ஓட்டம், கீழே ஓர் ஓட்டம். மாவட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். பாசனத்துக்கு அணை திறப்பது ஜூன் தொடங்கிப் பிப்ரவரி வரைதான். மார்ச் முதல் மே வரை வந்தால் தொட்டி காலியாகக் கிடக்கும். பாலம் பார்க்கலாம், தண்ணீர் பார்க்க முடியாது. அப்புறம், மேலே நடந்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். படி இறங்கி ஆற்றுக்குப் போய்த் தூண்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். இந்த மலையிடுக்கில் எப்படிச் சாரம் கட்டினார்கள், எப்படிக் கலவை ஏற்றினார்கள் என்ற கேள்வி அங்கே நின்றால்தான் வரும்.

திருவட்டார் கோவிலுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஆறு இல்லாமல் அந்தக் கோவில் இல்லை. 108 திவ்ய தேசங்களில் மலைநாட்டுத் திருப்பதிகள் 13. அதில் ஒன்று இந்த ஆதிகேசவப் பெருமாள் கோவில். நம்மாழ்வார் வாட்டாறு என்று பாடியிருக்கிறார். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ, மேட்டில் கோவில். கேசன் என்ற அசுரனைப் பெருமாள் அடக்கி அவன் மேல் பள்ளிகொண்டாராம். அவன் மனைவி வேண்டிக்கொண்டதால் கங்கையும் தாமிரபரணியும் வெள்ளமாகப் பாய்ந்து வந்தார்களாம். பூமாதேவி அந்த நிலத்தை மட்டும் உயர்த்திவிட, வந்த நதிகள் கோவிலைச் சுற்றிக்கொண்டு போயின என்பது தலபுராணம். கோவிலுக்கு வெளியே வந்து நிலத்தின் சாய்வைப் பார்த்தால், கதை சொன்னவர் இந்த இடத்தை நன்றாக அறிந்தவர் என்று தோன்றும்.

உள்ளே பெருமாள் 22 அடி நீளத்தில், மேற்கே பார்த்துப் படுத்திருக்கிறார். கல்லில் செதுக்கிய மேனி கிடையாது, சாளக்கிராமங்களை உள்ளே வைத்துக் கடுசர்க்கரை யோகம் என்ற கலவைப் பூச்சில் செய்தது. அதனால் மூலவருக்கு அபிஷேகம் இல்லை. மூன்று வாசல் வழியாகத்தான் முழு உருவத்தையும் பார்க்க முடியும். அவசரப்படாமல் ஒவ்வொரு வாசலிலும் நின்று, விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகட்டும். புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாட்கள் மாலை வெயில் நேராகக் கருவறைக்குள் போய் மேனியில் விழும். அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு.

பிரகாரத்தை அவசியம் சுற்றி வாருங்கள். வரிசையாகக் கற்றூண்கள், ஒவ்வொன்றிலும் விளக்கேந்தி நிற்கும் பெண் சிற்பம். ஒருத்தியின் கொண்டை அடுத்தவளுக்கு இல்லை, காதில் கிடக்கிற தோடு வேறு, நிற்கிற நிலை வேறு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்த அகல்களை அவர்கள் இரண்டு கையாலும் ஏந்தியிருப்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-ல் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. அதற்குப் பிறகுதான் வெளியூர்க் கூட்டம் நிறைய வரத் தொடங்கியது.

ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள், பிறகு மாலையில்தான் திறப்பார்கள். ஆகவே காலையிலேயே வந்துவிடுங்கள்.

மூவாற்றுமுகத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கட்டடமாக ஒன்றுமில்லை. இரண்டு ஆறுகள் சேர்கின்றன, அதுதான் காட்சி. கோதையாற்றிலும் பரளியாற்றிலும் ஒரே நாளில் ஒரே அளவு மழை பெய்வதில்லை. அதனால் சில நாட்களில் ஒன்று கலங்கலாகவும் மற்றது தெளிவாகவும் வந்து, கொஞ்ச தூரம் கலக்காமல் ஒட்டி ஓடும். இதற்காகத் தனியாக ஒரு பயணம் போட வேண்டாம். திருவட்டார் வரை வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

சிதறால் மலையிலிருந்து ஆறு தெரியுமா? ஏறுவது சிரமமா?

நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால், இந்த ஆற்றை ஒரே பார்வையில் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. கிழக்கே மலைத்தொடர், அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஆறு, இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், தென்னை, நடுவில் வாழைத் தோப்புகள். வானம் தெளிந்திருந்தால் மேற்கே கடலும் தெரியும். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர்.

வழி முழுவதும் கல் பதித்த பாதை. செங்குத்து அல்ல, ஆனால் வெயிலில் நீளமாகத் தெரியும். வழியில் முந்திரி மர நிழல் கிடைக்கும். குடிதண்ணீர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே இரண்டு பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இயற்கையாக அமைந்த குகை. அந்தப் பாறைமுகத்தில் சமண சமயக் குருமார்களான தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் சமணர் இருந்த இடம் இது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் இருக்கிறது. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில், யார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் சிலையை மட்டும் எடுத்துவிட்டு நகர்கிறார்கள். குனிந்து அந்த எழுத்தையும் பாருங்கள். தலைக்கு மேல் பாம்புப் படம் விரித்திருப்பவர் பார்சுவநாதர், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் இருப்பவள் அம்பிகை. பிற்காலத்தில் இது பகவதி கோவிலாகி, இன்றும் பூஜை நடக்கிறது. சமணத் துறவிகள் இருந்த அதே பாறையில் இன்று ஊர்ப்பெண்கள் பகவதிக்கு விளக்கு வைக்கிறார்கள். எங்கள் ஊர் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான், ஒன்றை இடித்துத் தள்ளாமல் அதன்மேலேயே அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் இது. பாறையில் பெயர் கிறுக்குவதைக் கண்டால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கிய சிற்பத்துக்குப் பக்கத்தில் ஆணியால் கீறிய காதலர் பெயர்களைப் பார்ப்பது பெரிய வேதனை.

சிவாலய ஓட்டம் இந்த ஆற்றங்கரையிலா நடக்கிறது?

ஒரு பகுதி மட்டும். மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திருநட்டாலத்தில் முடியும். மொத்தம் 12 சிவன் கோவில்கள், நூறு கிலோமீட்டருக்கும் மேல். காவி உடுத்தி, கையில் ஓலை விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள். சிவன் கோவிலுக்கு ஓடுகிறவர்கள் பெருமாள் பெயரைச் சொல்வது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும், எங்களுக்கு அது பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். முதல் கோவிலிலிருந்து கிளம்பினால் இரண்டாவது திக்குறிச்சி, சரியாக ஆற்றங்கரையில். நந்தி இல்லாத சிவன் கோவில் அது. ஒவ்வொரு கோவிலுக்கும் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால், அன்றிரவு திக்குறிச்சிக் கடவில் ஆள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். சாதாரண நாளில் போனால் கோவிலின் படித்துறையில் நீங்களும் ஆறும் மட்டும்தான்.

குழித்துறையில் எங்கே நின்று பார்த்தால் ஆறு நன்றாக இருக்கும்?

பெரும்பாலானவர்கள் நெடுஞ்சாலைப் பாலத்தில் பஸ்ஸிலிருந்தே பார்க்கிறார்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் வந்து இறங்கி, அடுத்த சில நிமிடத்தில் ஆற்றுப்பாலத்தைக் கடந்து களியக்காவிளைப் பக்கம் போய்விடுவார்கள். ஒரு நொடிக்காட்சி அது. பாலத்திலிருந்து பார்க்கிறபோது தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

இறங்கிச் சப்பாத்துக்குப் போங்கள். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய தடுப்பணை அது. தண்ணீர் மிதமாக வரும் நாளில் அணையின் மேல்பக்கம் கண்ணாடிபோல் நின்று, விளிம்பைத் தொட்டதும் மெல்லிய போர்வையாக வழுக்கி விழும். ஒரு பக்கம் துணி துவைப்பார்கள், இன்னொரு பக்கம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், மாலையானால் பிள்ளைகள் குதியாட்டம். கொக்குகள் விளிம்பில் வரிசையாக நின்று, விழுகிற தண்ணீரில் வரும் மீனுக்காகக் காத்திருக்கும். வெள்ளக் காலத்தில் சப்பாத்து மூழ்கிவிடும், போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது கரையோடு நின்றுகொள்ளுங்கள்.

ஆடி அமாவாசை அன்று வர முடிந்தால் வாருங்கள். வாவுபலி நாள். பொழுது விடியும் முன்பே கூட்டம் ஆற்றுக்கு வந்துவிடும். இறந்துபோன அப்பா அம்மாவுக்கும் முன்னோருக்கும் எள்ளும் அரிசியும் தர்ப்பையும் வாழையிலையில் வைத்து, நீரில் விட்டு, மூழ்கி எழுவார்கள். ஈரத்துணியோடு கரையேறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் அங்கே போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தோன்றாது, தோன்றவும் கூடாது. ஓரமாக நில்லுங்கள்.

அதை ஒட்டியே நகராட்சி நடத்தும் வாவுபலிப் பொருட்காட்சி. ராட்டினம், மிட்டாய், பாத்திரம் எல்லாம் உண்டு. எனக்கு அதில் முக்கியம் மரக்கன்றுக் கடைகள். தென்னை, பலா, மா, கமுகு, பூச்செடி என்று சாக்குத் தைத்த வேர்மண்ணோடு அடுக்கியிருப்பார்கள். ஆடிச் சாரலில் வாங்கி நட்டால் வேர் பிடித்துவிடும் என்பது கணக்கு. பலி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் கையில் ஒரு பலாக்கன்று இருக்கும். விளவங்கோடு பக்கத்து வீடுகளில் "இது வாவுபலிக்கு வாங்கின பிலாவு" என்று கிழவிகள் காட்டுகிற மரங்கள் எத்தனையோ நிற்கின்றன.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

ஊர்க்காரர்கள் குளிக்கிற கடவில், அவர்கள் நிற்கிற ஆழத்தில், தாராளமாகக் குளிக்கலாம். ஆளில்லாத இடத்தில் இறங்கவே கூடாது. வெளியே அமைதியாகத் தெரியும் இடத்தில் உள்ளே கயம், அதாவது ஆழமான பள்ளம் இருக்கும். முன்பு மணல் அள்ளிய இடங்களில் ஆற்றின் அடி திடீரென்று இறங்கும். முட்டளவு என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் தலைக்கு மேல் போய்விடும். மேலே பாறைப்பகுதிகளில் பாசி வழுக்கும். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் போன வெளியூர்ப் பையன்களை நாங்கள் கரையில் கிடத்திப் பார்த்திருக்கிறோம். கரையில் ஒரு அம்மச்சி துவைத்துக்கொண்டிருந்தால் அவரிடம் கேளுங்கள்: "இங்க இறங்கலாமா அம்மச்சி?" அவர் சொல்வதைக் கேட்டு நடங்கள்.

சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட், பழைய துணி எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். கீழே எத்தனையோ ஊர்கள் இந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன.

குழித்துறைக்குக் கீழே ஆறு எப்படி மாறுகிறது?

அகலமாகிறது, மெதுவாகிறது. பாறை முடிந்து தென்னையும் தாழையும் வருகிறது. கடல்நீர் ஏற்றத்தில் உள்ளே ஏறிவருவதைத் தடுக்கப் பரக்காணியில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். கணபதியான்கடவு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்றால் ஆறு முழுக்க வேறு முகத்தோடு தெரியும்: காயலைப் போலப் பரந்து, அவசரமே இல்லாமல்.

தேங்காய்ப்பட்டணத்தில் பொழிமுகம். இந்தக் கரையில் தேங்காய்ப்பட்டணம், அந்தக் கரையில் இரையுமன்துறை. அலையும் ஆறும் மோதும் இடத்தில் தண்ணீரின் நிறம் பிரிவது கண்ணுக்கே தெரியும். மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, வள்ளங்கள் வருவதையும் மீன் ஏலத்தையும் பார்க்கலாம். ஆனால் அலைத்தடுப்புக் கற்கள்மேல் ஏறாதீர்கள். துறைமுக வாயிலில் மணல் சேர்ந்து, மழைக்காலத்தில் படகுகள் கவிழ்ந்து, மீனவர்கள் உயிரிழந்த இடம் அது. கடலையே தொழிலாகக் கொண்டவர்கள் பயப்படும் இடத்தில் நாம் செல்ஃபிக்குப் போய் நிற்கக் கூடாது.

பழைய துறைமுக ஊர் என்பதற்கு அடையாளமாக இங்கே பழமையான பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. இஸ்லாத்தைப் பரப்ப ஆரம்ப காலத்தில் இந்தக் கடற்கரைக்கு வந்தவராகச் சொல்லப்படும் மாலிக் இப்னு தீனார் காலத்தோடு சேர்த்துச் சொல்வது ஊர் மரபு. உள்ளே பார்க்க விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயின் தடமும் உண்டு. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்கத் திருவிதாங்கூர் அரசு 1860-ல் எடுத்த கால்வாய். முழுவதும் முடியவில்லை. ஒரு காலத்தில் வள்ளம் போன அந்த வழி இன்று பல இடங்களில் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அதைத் தூர்வார வேண்டும் என்ற கோரிக்கை என் சிறு வயதிலேயே கேட்டது, இன்றும் கேட்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் ஓட்டமாக இருக்கும். காலையில் திருவட்டார், பிறகு மாத்தூர், திற்பரப்பில் குளியல், மத்தியானச் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் சிதறால், பொழுது சாய்கிற நேரத்துக்குத் தேங்காய்ப்பட்டணம். குழித்துறை வழியில் வருவதால் சப்பாத்துக்கு அரை மணி ஒதுக்கலாம். மேலிருந்து கீழ் என்று முன்பு சொன்னேன். கோவில் நடை சாத்துவதால் திருவட்டாரை மட்டும் முன்னால் இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் இருந்தால் முதல் நாள் மலைப்பக்கம், இரண்டாம் நாள் சிதறாலிலிருந்து கடல்வரை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வரலாம்?

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஆகஸ்ட், செப்டம்பர், பிறகு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்லது. தண்ணீரும் இருக்கும், வெள்ளமும் இராது.

வயதானவர்களை அழைத்து வரலாமா?

மாத்தூரில் மேலே நடப்பது பிரச்சினை இல்லை, கீழே இறங்குகிற படிகள் அதிகம். சிதறால் ஏற்றம் முட்டு வலிக்காரர்களுக்கு வேண்டாம். திருவட்டாரில் கோவிலுக்குப் படி ஏற வேண்டும், மெதுவாக ஏறலாம். திற்பரப்புப் படகுத்துறையும் தேங்காய்ப்பட்டணம் கடற்கரையும் அவர்களுக்கு ஏற்றவை.

சாப்பிட என்ன கிடைக்கும்?

அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும். இதைச் சாப்பிடாமல் இந்த ஆற்றங்கரையை விட்டுப் போகாதீர்கள். மத்தியானம் சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த குழம்பு, மாலையில் பழம்பொரியும் கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்). மட்டிப் பழம் கண்ணில் பட்டால் ஒரு சீப்பு வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பழம், விரலளவுதான் இருக்கும், வாசனை வீடு முழுக்க நிற்கும். மார்த்தாண்டத்தில் தேன் வாங்கலாம். ரப்பர் துளிர்விடும் காலத்தில் தேனீப் பெட்டி வைத்து எடுக்கிற தேன் அது.

நாகர்கோவில் பக்கமே இருக்கிறோம். அங்கே ஆற்றங்கரை எதுவும் இல்லையா?

இருக்கிறது, பழையாறு. ஒழுகினசேரி, கோட்டாறு, சுசீந்திரம் வழியாக ஓடி மணக்குடியில் கடலைச் சேர்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் 134 அடி ராஜகோபுரத்தை ஆற்றுப்பக்கமிருந்து பார்ப்பது நல்ல காட்சி. தேரூர்க் குளமும் பக்கத்தில்தான். சுசீந்திரம் தேரூர் சதுப்பு நிலம் 2022-ல் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். மணக்குடியில் 2004 சுனாமி அடித்துக்கொண்டு போன பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம் நிற்கிறது, அதில் நின்றால் காயலும் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஆனால் பழையாறு நகரத்தின் சாக்கடையைச் சுமக்கிற ஆறாகிவிட்டது. கோட்டாறு போன்ற பழம்பெரும் வணிக ஊரைக் கடந்து வரும் ஆற்றுக்கு இந்த நிலை வந்திருக்கக் கூடாது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சொந்த வண்டி இல்லாமல் சுற்ற முடியுமா?

முடியும். ரயிலில் வருகிறவர்கள் குழித்துறை நிலையத்தில் இறங்கலாம். மார்த்தாண்டம் பஸ் நிலையத்திலிருந்து திருவட்டார், குலசேகரம், தேங்காய்ப்பட்டணம் பக்கங்களுக்கு அரசுப் பேருந்து உண்டு. குலசேகரத்தில் இறங்கினால் திற்பரப்புக்கு வேறு பஸ் அல்லது ஆட்டோ பிடிக்கலாம். மாத்தூருக்குத் திருவட்டாரிலிருந்து ஆட்டோ எளிது, மூன்று கிலோமீட்டர்தான். சிதறாலுக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஆட்டோவில் போவதானால் இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லி, வாடகையை முன்பே பேசிவிடுங்கள். சாயங்காலம் தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கியதும் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு கடற்கரைக்குப் போங்கள்.